முந்துவதற்கு முன் சிந்திப்போம்

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை ஓராண்டு முன்னதாக முடித்துச் சர்வகலாசாலை புக விரும்பும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சில யோசனைகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்தில் வாழும் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். வழக்கம்போலச் சுகசேமம் விசாரித்த பின், “அண்ணா, பெரியவள் பள்ளிக்கூடத்தை ஒரு வருடம் முந்தியே முடிக்கப் போகிறாளாம். மூன்றே வருடத்தில் முடித்துவிட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடப் போகிறாளாம். இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கோ வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டது போல இருக்கிறது. நீங்கள் எத்தனையோ பிள்ளைகளைப் படிப்பித்தவர். ஒரு வழி சொல்லுங்கள்” என்றாள்.

என் மருமகளுக்கு வயது 15. கெட்டிக்காரி என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் உடனே ஒன்றும் சொல்ல எனக்கு நா எழவில்லை. இங்கே உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளை பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறது. பெறுபேறு வந்தபின் வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்கிறது. வெட்டுப்புள்ளியும் வந்தபின் சர்வகலாசாலை திறப்பதற்காகக் காத்திருக்கிறது. காத்திருப்பதிலே தேர்ச்சி பெற்ற நமக்கு, முந்திச் செல்வோரின் சங்கடம் எளிதில் விளங்குவதில்லை. ஒரு வாரம் தவணை கேட்டு, நூல்களையும் கல்லூரிகளின் அறிவித்தல்களையும் படித்துப் பார்த்தேன். அந்நிய தேசத்தில் ஓர் உறவுக் குடும்பமாயினும் இல்லாத தமிழ் வீடு இன்று அரிது. ஆகையால், நான் அறிந்துகொண்டவை பிறருக்கும் பிரயோசனமாகலாம் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

முதலில் ஒரு சொல் மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் நாட்டிலே ‘கல்லூரி’ என்றால் பெரும்பாலும் பாடசாலையையே குறிக்கும். அமெரிக்காவிலோ கல்லூரி என்பது பட்டப் படிப்பு நடைபெறும் இடம். அதற்கு முன்னுள்ளது உயர்நிலைப் பள்ளி. 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகள். நம் உயர்தரப் பரீட்சை போல நாடு முழுவதற்கும் பொதுவான இறுதிப் பரீட்சை அங்கு இல்லை. குறித்த பாடங்களை குறித்த அளவுக்குப் படித்து முடித்தவருக்குப் பள்ளியே பத்திரம் வழங்கும். எனவே, நான்கு ஆண்டுப் பாடங்களை மூன்று ஆண்டுகளில் நிறைவேற்றிய மாணவர் முன்னதாக வெளியேற அநேக பள்ளிகள் இடமளிக்கின்றன.

முந்திச் சென்றவர்கள்

இது புதிய வழக்கமன்று. கணித மேதை நோபர்ட் வீனர் 1906ஆம் ஆண்டில், தம் 11ஆவது வயதில் டப்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்து, 14 வயதில் பட்டம் பெற்று, 18 வயதில் ஹாவட் சர்வகலாசாலையில் கலாநிதியானார். பிற்காலத்திலே, 1953இல் வெளியான தம் சுயசரிதைக்கு ‘முன்னாள் அதிசயப் பிள்ளை’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். வயதில் மூத்தோர் நடுவே ஒரு சிறுவன் படும் பாட்டை அவர் அந்நூலில் மறைக்கவில்லை.

மாட்டின் லூதர் கிங் 1944இல், 15 வயதிலே, மோர்ஹவுஸ் கல்லூரியுள் நுழைந்தார். இரண்டாம் உலக யுத்தத்தினால் மாணவர் தொகை குறைந்திருந்தமையின், 11ஆம் வகுப்பை முடித்த கெட்டிக்காரரை நுழைவுப் பரீட்சை வைத்து அக்கல்லூரி சேர்த்துக்கொண்டது. அவர் 1948இல் பட்டதாரியாகி வெளியேறினார்.

இவ்விருவரும் தனி மனிதர்கள். பெரிய அளவில் ஒரு பரிசோதனை 1951இல் நடைபெற்றது. கொரிய யுத்த காலம் அது. இராணுவ சேவைக்கு அழைக்கப்படுமுன் இளைஞர்கள் இரண்டாண்டுக் கல்வியையேனும் பெறட்டும் என்ற எண்ணமும் அதன் பின்னணியில் இருந்தது. போட் நிதியத்தின் ஆதரவில், பள்ளிப் படிப்பு முற்றுப்பெறாத மாணவர் 420 பேர் புலமைப் பரிசில் பெற்று அவ்வாண்டு கல்லூரிகளிற் சேர்ந்தனர். யேல், கொலம்பியா, சிக்காகோ, விஸ்கொன்சின், ஓபர்லின், மோர்ஹவுஸ் முதலிய 12 கல்வி நிலையங்கள் இத்திட்டத்தில் பங்குபற்றின. 1957இல் வெளியான அறிக்கை, அம்மாணவர்கள் படிப்பிலே பொதுவாகச் சிறப்புற்றனர் என்றும், பழகுவதில் சிலருக்குத் தொடக்கத்தில் இடர் ஏற்பட்டபோதும் பெரும்பாலோர் அதனைக் கடந்துவிட்டனர் என்றும் கூறிற்று.

அதே காலத்தில் அதே நிதி இன்னொரு முயற்சிக்கும் உதவியது. பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவதற்குப் பதிலாகக் கல்லூரிப் பாடத்தைப் பள்ளிக்குக் கொண்டு வருதல் அதன் நோக்கம். அதுவே பின்னர் ‘ஏ. பி.’ என்னும் உயர்நிலைப் பாடத் திட்டமாக வளர்ந்து இன்று நாடெங்கும் பரவியுள்ளது. விரைந்து படிக்கும் பிள்ளைக்கு விரைந்து வெளியேறுவது ஒன்றே வழியன்று என்பதை இதனால் அறியலாம்.

மூன்று ஆண்டா, இரண்டு ஆண்டா?

இனி விண்ணப்ப விஷயத்துக்கு வருவோம். ஓராண்டு முந்துவோர் பலரும் கவனியாது விடும் உண்மை ஒன்றுண்டு. மூன்று ஆண்டுகளில் பள்ளியை முடிக்கும் பிள்ளை, கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நாளிலே தன் கையில் வைத்திருப்பது இரண்டே ஆண்டுகளின் புள்ளிகள்.

எவ்வாறெனில், அங்கே செப்டெம்பரை ஒட்டித் தொடங்கும் கல்வி ஆண்டு ஜூன் மாதமளவில் முடிகிறது. கல்லூரி விண்ணப்பங்களோ இறுதி ஆண்டின் நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் அனுப்பப்படுகின்றன. நான்கு ஆண்டு படிப்பவர் மூன்று முழு ஆண்டுகளின் பெறுபேற்றைக் காட்டுவார். முந்துபவர் இரண்டு ஆண்டுகளையும், மூன்றாம் ஆண்டின் முதல் இரண்டு மூன்று மாதங்களையுமே காட்ட முடியும். கடினமான பாடங்கள் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டிலேதான் வருகின்றன. மே மாதத்தில் அவர் எழுதும் ஏ. பி. பரீட்சைகளின் பெறுபேறு, கல்லூரிகள் தம் முடிவை அறிவித்த பின்னரே கிடைக்கும்.

ஆசிரியரின் சிபார்சுக் கடிதத்துக்கும் இதே கதிதான். மூன்றாம் ஆண்டு ஆசிரியர் அப்பிள்ளையை இரண்டு மாதமே அறிந்திருப்பார். விளையாட்டுக் குழுவின் தலைமை, பள்ளிச் சஞ்சிகையின் ஆசிரியர் பொறுப்பு போன்றவை கடைசி இரண்டு ஆண்டுகளில் வாய்ப்பவை. அவற்றுட் பாதியை இழக்க நேரும். பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளை, நான்காம் ஆண்டுக்குரிய நுண்கணிதத்தையும் உயர் பௌதிகத்தையும் படியாது வெளியேறினால், அந்தக் குறையைக் கல்லூரி கண்டுகொள்ளும்.

கலிபோர்னியா மாநிலச் சர்வகலாசாலையின் விதி ஒன்றை உதாரணமாகக் காட்டலாம். அங்கு புகுவதற்கு 15 பாடங்கள் வேண்டும். ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதம் மூன்று ஆண்டு என அவை வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 11 பாடங்கள் இறுதி ஆண்டு தொடங்குமுன் முடிந்திருத்தல் வேண்டும். மூன்றாம் ஆண்டையே இறுதி ஆண்டாக்கும் பிள்ளை, அந்த 11ஐ முதல் இரண்டு ஆண்டுகளுள்ளும் விடுமுறை வகுப்புகளிலும் முடித்திருக்க வேண்டும் அல்லவா? ஆகவே, மூன்றாம் ஆண்டிலே திடீரென உதித்த ஆசைக்கு அங்கு இடமில்லை.

நாட்களை முன்னரே குறித்துக்கொள்க

முந்த விரும்புவோர் இரண்டாம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே ஆயத்தத்தைத் தொடங்குதல் அவசியம். ஜனவரி, பெப்ரவரியில் பள்ளி ஆலோசகரைச் சந்தித்து, எஞ்சிய பாடங்கள் யாவை, அவற்றை மூன்றாம் ஆண்டில் அடக்கலாமா, அதற்குப் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமா என்பவற்றைக் கேட்டு, மறுமொழியை எழுத்திலே பெற்றுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் முட்டுக்கட்டையாக நிற்பது நான்காம் ஆண்டு ஆங்கிலம். அதனை விடுமுறை வகுப்பிலோ அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியிலோ படிக்க இடமுண்டா என்று விசாரிக்க வேண்டும்.

எஸ். ஏ. ரி. பரீட்சையை இரண்டாம் ஆண்டின் முடிவிலோ, பின் வரும் ஆகஸ்டிலோ ஒரு முறை எழுதிப் பார்ப்பது நன்று. 2020ஆம் ஆண்டின் பின் பல கல்லூரிகள் இப்பரீட்சையை வற்புறுத்துவதைக் கைவிட்டன. ஆயினும் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் 2022இலும், டாட்மத், ஹாவட் போன்றவை 2024இலும் அதனை மீண்டும் அவசியமாக்குவதாக அறிவித்தன. கலிபோர்னியா மாநிலச் சர்வகலாசாலையோ அதன் புள்ளிகளை அனுமதிக்குக் கருத்தில் கொள்வதே இல்லை. ஒக்டோபரில் நடைபெறும் பி. எஸ். ஏ. ரி. பரீட்சை, தேசிய திறமைப் புலமைப் பரிசிலுக்கு வழியாகும். மூன்று ஆண்டில் முடிப்பவர் அதனை எந்த ஆண்டில் எழுதவேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெளிதல் வேண்டும்.

ஆகஸ்ட் 1ஆம் திகதி, பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பம் திறக்கப்படும். 1975இல் 15 கல்லூரிகள் கூடித் தொடங்கிய இவ்வேற்பாட்டில் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்டவை சேர்ந்துள்ளன. செப்டெம்பரில் ஆசிரியர்களிடம் கடிதம் கேட்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் நன்கு அறிந்த ஓர் ஆசிரியரையேனும் நாடுவது உத்தமம். முந்திய அனுமதிக்கு நவம்பர் 1 அல்லது 15 இறுதி நாளாக இருப்பது வழக்கம். அதில் இரு வகையுண்டு. ஒன்று, இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வேன் என வாக்குக் கொடுப்பது. மற்றையது, அவ்வாறு கட்டுப்படுத்தாதது. கையெழுத்திடுமுன் எது என்பதை அறிந்துகொள்க. சாதாரண விண்ணப்பங்களுக்கு ஜனவரி முதல் வாரமளவில் முடிவு நாள் வரும். மறுமொழி மார்ச் இறுதிக்குள் கிடைக்கும். மே 1ஆம் திகதிக்குள் சேரும் கல்லூரியைத் தெரிந்து முற்பணம் கட்டுதல் வழக்கம்.

விண்ணப்பத்திலே மேலதிக விபரம் எழுத ஓர் இடமுண்டு. ஏன் ஓராண்டு முந்துகிறேன் என்பதை அவ்விடத்தில் சில வரிகளில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாது விட்டால், படிப்பவர் தாமே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வர்.

பணமும் சட்டமும்

தகப்பன்மார் முதலில் எண்ணுவது பணத்தையே. அது குற்றமன்று. ஆனால் அரசாங்கப் பள்ளியில் நான்காம் ஆண்டு இலவசம். அந்த ஆண்டிலே ஏ. பி. பாடங்களில் நல்ல புள்ளி பெற்றால், பல கல்லூரிகள் அவற்றைப் பட்டப் படிப்பின் பகுதியாக ஏற்கும். ஆகவே, பள்ளியில் ஓராண்டைக் குறைப்பதைக் காட்டிலும் கல்லூரியில் ஒரு தவணையைக் குறைப்பது சில குடும்பங்களுக்கு இலாபமாகலாம்.

சில கல்லூரிகள் பள்ளிப் பத்திரம் பெறாதவரையும் சேர்த்துக்கொள்கின்றன. எனினும், மத்திய அரசின் உதவிப் பணம் பெறுவதற்குப் பத்திரமோ அதற்கு ஈடானதொன்றோ பொதுவாகத் தேவை. பத்திரத்துடன் வெளியேறுகிறோமா, பத்திரமின்றி வெளியேறுகிறோமா என்பது இதனால் முக்கியமாகின்றது.

எச்-1பி என்னும் தொழில் விசாவில் அங்கு சென்ற குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் 21 வயது நிரம்பியதும் பெற்றோரைச் சார்ந்து வாழும் அனுமதியை இழப்பர். அதற்குள் பட்டத்தை முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுவோரை நாம் குறை கூற முடியாது.

தாய்மார் அறிந்திருக்க வேண்டிய சட்டம் ஒன்று 1974இல் இயற்றப்பட்டது. அதன்படி, பிள்ளை கல்லூரியிற் சேர்ந்ததும், அதன் வயது எதுவாயினும், படிப்புப் பதிவேடுகளின் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மாறிவிடுகின்றது. பிள்ளை கையொப்பமிட்டுச் சம்மதித்தாலும், வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்தவராய் இருந்தாலும் கல்லூரி விபரம் கொடுக்கலாம். ஆயினும், பள்ளி அதிபரைக் கண்டு பேசுவது போலப் பேசிவிடலாம் என எண்ணலாகாது. நேற்றுவரை புள்ளி அறிக்கையில் கையெழுத்திட்ட தாய், 16 வயது மகளின் புள்ளியை மகளிடமே கேட்டறிய வேண்டியிருக்கும். மகளும் மறையாது சொல்லும் பழக்கம் வீட்டிலே முன்னரே உண்டாகியிருக்க வேண்டும்.

நடுவழிகள்

முந்துவது, தங்குவது என்ற இரண்டுக்கும் இடையே வேறு வழிகளும் உள்ளன. வாஷிங்டன் மாநிலம் 1990இல் ஆரம்பித்த திட்டத்தின்படி, 11ஆம் 12ஆம் வகுப்பு மாணவர் கற்பித்தற் கட்டணமின்றிச் சமுதாயக் கல்லூரியிலே பாடம் கேட்கலாம். பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒரே பாடம் கணக்காகும். டெக்சாஸ் மாநிலத்தில் டென்டன் நகரிலுள்ள சர்வகலாசாலையில், கணிதமும் விஞ்ஞானமும் பயிலும் பிள்ளைகள் பள்ளியின் கடைசி இரண்டாண்டுகளைக் கல்லூரி விடுதியிலேயே கழிக்கின்றனர். நியூ யோர்க் மாநிலத்தில் கிளாக்சன் சர்வகலாசாலை 1978 முதல் இத்தகைய மாணவருக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை நடத்தி வந்துள்ளது. வயதொத்தவர் பலர் கூடியிருக்கும் இத்தகைய இடங்களில் 16 வயதுப் பிள்ளை தனித்துப் போவதில்லை.

மற்றொரு வழி, பள்ளியை மூன்று ஆண்டுகளில் முடித்துவிட்டு, அடுத்த ஆண்டில் ஆறுதலாக விண்ணப்பித்தல். மூன்று ஆண்டுப் புள்ளிகளும், மே மாதப் பெறுபேறுகளும், நன்கு அறிந்த ஆசிரியரின் கடிதங்களும் அப்போது கையில் இருக்கும். ஆனால் இடைப்பட்ட ஆண்டில் முழுநேர மாணவராய் வேறொரு கல்லூரியிற் பதிந்துவிடலாகாது. பதிந்தால், பல கல்லூரிகள் அவரைப் புதிய மாணவராகக் கொள்ளாமல், இடம் மாறி வருபவராகக் கணக்கிடும். புதியவருக்குரிய புலமைப் பரிசில்களும் கைநழுவலாம்.

யாரும் கேளாத கேள்வி

இவையனைத்தையும் குறித்துக்கொண்டு, மறு ஞாயிறு தங்கை வீட்டுக்கு அழைத்தேன். மைத்துனர் விண்ணப்ப நாட்களைக் கேட்டார். தங்கை விடுதியைப் பற்றிக் கேட்டாள். எல்லாம் சொல்லி முடித்தபின் மருமகளை அழைத்து ஒன்றே ஒன்று கேட்டேன். “பிள்ளை, மிச்சமாகும் அந்த ஒரு வருடத்தை நீ என்ன செய்யப் போகிறாய்?”

“யோசித்துச் சொல்கிறேன், மாமா” என்றாள். மூன்று நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

“மாமா, உண்மையைச் சொல்கிறேன். எனக்குக் கல்லூரிக்குப் போக அவசரமில்லை. என் சிநேகிதி போன வருடம் வேறு ஊருக்குப் போய்விட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் தனியேதான் இருக்கிறேன். நான்கு வருடத்தில் ஒரு வருடமாவது குறையட்டும் என்று நினைத்தேன். அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்.”

அதை வாசித்து நான் வெகுநேரம் பேசாதிருந்தேன். நாங்கள் பெரியவர்கள் பாடங்களை எண்ணினோம், பணத்தை எண்ணினோம், வயதை எண்ணினோம். அந்தச் சாப்பாட்டு மேசையை ஒருவரும் எண்ணவில்லை. ஒன்றை நாடி முந்தும் பிள்ளைக்கும், ஒன்றிலிருந்து தப்பியோட முந்தும் பிள்ளைக்கும் விண்ணப்பப் படிவம் ஒன்றுதான். வேறுபாட்டை வீட்டார்தான் கண்டறிய வேண்டும்.

தங்கையிடம் சொன்னேன். அவள் அழுதாள், பின்னர் மகளுடன் பேசினாள். இப்போது அவர்கள் செய்துள்ள ஏற்பாடு இது: இந்த விடுமுறையில் ஆங்கிலப் பாடம் ஒன்றை மருமகள் படித்து முடிப்பாள். அதனால் மூன்று ஆண்டில் முடிக்கும் வழி அடைபடாது. பிற்பகலில் அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் கணித வகுப்பொன்றுக்கும் போவாள்; அங்கே கணிதத்தில் ஆசையுள்ள பிள்ளைகள் நாலு பேரைக் காணலாம். முந்துவதா தங்குவதா என்பதை அடுத்த ஆகஸ்ட் மாதம் அவளே சொல்வாள். நான் இரண்டில் ஒன்றையும் சிபார்சு செய்யவில்லை. இரண்டு கதவுகளும் திறந்திருக்கும்படி பாடங்களை அடுக்கிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது.

பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். முந்தக் கூடாது என்று அதற்குப் பொருளில்லை. முந்துபவர், தாம் எதற்காக முந்துகிறோம் என்பதை அறிந்து, நாட்களையும் பாடங்களையும் முன்னரே ஒழுங்கு செய்துகொண்டால், 16 வயதிலும் நன்றாகப் படிக்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளையும் இத்தகைய ஆசையைச் சொன்னால், கலண்டரை எடுப்பதற்கு முன், பள்ளியில் யாரோடு இருந்து சாப்பிடுகிறது என்பதை ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.